பளபளப்பு கடைசியில்: துருப்பிடித்த டூரிங் சைக்கிளை வீவக வீட்டிலேயே மீட்பது

பழைய சைக்கிள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை உப்புத்தாளைத் தேடும். துரு தெரிகிற இடத்தையெல்லாம் தேய்த்து, ஸ்பிரே பெயின்ட் டப்பா ஒன்றைக் காலி செய்து, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும், மிதித்தால் கரகரவென்று சத்தம் வரும். வெளியே தெரியும் துரு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. வண்டியைக் கெடுப்பது குழாய்க்குள்ளும் பால்ரஸ் எனும் சிறு இரும்புக் குண்டுகள் ஓடும் இடங்களிலும் இருக்கும் துரு. அதனால் இங்கே நான் முக்கியத்துவம் கொடுக்கும் வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம்: உள்ளே முதலில், பிரேக் அடுத்து, பளபளப்பு கடைசியில்.

சிங்கப்பூரில் இந்த வரிசைக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில்தான் அது 60 வாக்கில் இறங்கும். கழுவிய இரும்பைத் துடைக்காமல் வைத்துவிட்டு ஒரு கோப்பி குடித்து வந்தால், அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய புதுத் துரு படிந்திருக்கும். ஆகவே கழுவுவது, காயவைப்பது, பெயின்ட் தொட்டு வைப்பது எல்லாவற்றையும் வெயிலடிக்கும் நாளின் பிற்பகலுக்கு ஒதுக்குங்கள். கழற்றும் வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

வாங்கும் முன்

மூட்டைமுடிச்சோடு நெடுந்தூரம் போகவென்று செய்த வண்டிதான் டூரிங் சைக்கிள். பின்சக்கரம் சற்றுத் தள்ளி இருக்கும். கேரியரும் மட்கார்டும் திருகுவதற்கு ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் துளையுள்ள சிறு காதுகள் இருக்கும். ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பல வண்டிகளில் முன்னால் மூன்று பல்சக்கரங்கள் இருக்கும். 1970, 80களில் வந்த மியாட்டா, ஃபூஜி, பிரிட்ஜ்ஸ்டோன் போன்ற ஜப்பானிய வண்டிகளும் ராலே, டாவ்ஸ் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளும் புதியவர்களுக்கு ஏற்றவை. ஃபிரேமில் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கரோ குரோமோலி என்ற எழுத்தோ இருந்தால் நல்ல குழாய். அந்த ஸ்டிக்கரைத் தேய்த்துவிடாதீர்கள்.

கரூசலில் தேடலாம், கரங்குனிக்காரரிடம் சொல்லி வைக்கலாம். வாய்ட் டெக்கில் வருடக்கணக்கில் காற்றில்லாமல் நிற்கிறதே என்று ஒரு வண்டியை மட்டும் தொடாதீர்கள். யாரும் ஓட்டாத வண்டிக்கும் உரிமையாளர் இருப்பார், எடுத்தால் திருட்டு வழக்காகிவிடும். இன்னொன்று, வாங்கிய வண்டியை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே யோசியுங்கள். எம்ஆர்டியில் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் மடங்கும் சைக்கிளைத்தான் விடுவார்கள். பிரேக் பிடிக்காத வண்டியை ஜூரோங்கிலிருந்து பாசிர் ரிஸுக்கு ஓட்டி வருவதும் நடக்காத காரியம். வேன் வாடகையையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நேரில் பார்க்கும்போது கைபேசி விளக்கும் கொஞ்சம் நூலும் கொண்டுபோங்கள். முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்குழாயோடு மேல்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அலைபோல ஒரு மடிப்புத் தட்டுப்பட்டால் வண்டி எதன்மீதோ மோதியிருக்கிறது, விட்டுவிடுங்கள். அடுத்து, பின் அச்சு உட்காரும் கொக்கியில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறுபக்கக் கொக்கிக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இருபக்க நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. பிறகு வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சு இருக்கும் கூட்டின் அடியைப் பாருங்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் தேங்குவது அங்கேதான். பெயின்ட் கொப்பளித்திருந்தால் நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டாலோ, நாணயத்தின் விளிம்பு உள்ளே அமுங்கினாலோ அந்த ஃபிரேம் முடிந்தது. எந்த ரசாயனமும் அதைத் திருப்பித் தராது.

கடைசியாக, சீட் கம்பி நகர்கிறதா, ஹேண்டில்பார் கழுத்து நகர்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் அங்கேயே அசைத்துப் பாருங்கள். இரண்டும் இறுகிப் போயிருந்தால் விலையைப் பாதியாகக் குறைக்கச் சொல்வதில் தப்பில்லை.

எங்கே வைத்து வேலை செய்வது

பொது நடைபாதையில் கடை பரப்பாதீர்கள். தீ விபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேற அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கழற்றிய சக்கரங்களும் டப்பாக்களும் பரவினால் நகர மன்றத்தின் நோட்டீஸ் வரும். கைப்பிடிச் சுவரின் மேல் ஸ்பேனர் வைக்கும் பழக்கமும் கூடாது, கீழே ஆள் நடக்கிறார். ஹாலில் ஒரு மூலையில் பழைய அட்டைப்பெட்டிகளை விரித்தால் போதும். சுத்தியல் வேலையைப் பகலில் முடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எந்தக் கருவியைவிடவும் உதவும்.

கருவிகளில் 8 முதல் 17 மில்லிமீட்டர் வரை ஸ்பேனர்கள், ஆலன் கீ செட், 15 மில்லிமீட்டர் பெடல் ஸ்பேனர், மெல்லிய கோன் ஸ்பேனர்கள், கிராங்க் புல்லர் (பெடலைத் தாங்கும் கிராங்க் கையை அச்சிலிருந்து உருவும் கருவி) ஆகியவை அவசியம். ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளிலும் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் ஹார்ட்வேர் கடைகளிலும் பொதுக் கருவிகள் கிடைக்கும். சைக்கிளுக்கென்றே செய்த கருவிகளை இணையத்தில் வாங்குங்கள். ஒரே ஒரு தடவை பயன்படுத்தும் கருவியை வாங்காதீர்கள், அந்த ஒரு வேலையை மட்டும் சைக்கிள் கடையில் கொடுத்துவிடலாம்.

கழற்றுவது

முதல் நாள் இரவே எல்லா நட்டு போல்ட்டுகளிலும் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து விட்டுவிடுங்கள். சாதாரண டபிள்யூடி-40ஐவிட, துரு இறுக்கத்தைத் தளர்த்துவதற்கென்றே விற்கும் எண்ணெய் நன்றாக வேலை செய்யும். மறுநாள் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் இருபக்கமும் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது, கேபிள் எந்த வழியாகப் போனது என்று மூன்று வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. டாபாவ் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்று ஒதுக்கி, மேலே பெயர் எழுதுங்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மரையில்தான். இடது பெடலுக்கு இடமரை (வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் திருகினால் இறுகும்), வலது பெடலுக்கு வழக்கமான வலமரை. மனப்பாடம் செய்ய வேண்டாம்: ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, வண்டியின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். பெடல் அச்சுக் கூட்டில் விஷயம் கொஞ்சம் சிக்கல். பிரிட்டிஷ், ஜப்பானிய வண்டிகளில் செயின் பக்கக் கப்புக்கு (குண்டுகள் உட்காரும் கிண்ணம்) இடமரை. இத்தாலிய வண்டிகளில் இருபக்கமும் வலமரை, பழைய பிரெஞ்சு வண்டிகள் பலவற்றிலும் அப்படித்தான். நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலேக்களில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற பிரிட்டிஷ் வண்டிகளில் 24. அதனால் ராலேயின் பழைய கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், பொருந்தாது. என் யோசனை: செயின் பக்கக் கப்பைக் கழற்றவே வேண்டாம். இடது பக்கத்தைத் திறந்து அச்சை உருவி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குண்டு ஓடும் தடம் கண்ணாடிபோல இருந்தால் அங்கேயே துடைத்துக் கிரீஸ் போட்டால் போதும்.

கிராங்கில் காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு) இருந்தால் நட்டை மரையின் நுனி வரை மட்டும் தளர்த்துங்கள். கிராங்கின் அடியில், பின் வெளிவர வழிவிட்டு, தடித்த குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து ஒரே ஒரு பலமான அடி கொடுங்கள். பத்து சின்ன அடி பின்னை நசுக்கும், கழற்றாது. புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், 9 மில்லிமீட்டரும் 9.5 மில்லிமீட்டரும் இருக்கின்றன. காட்டர் பின் இல்லாத கிராங்க் என்றால் புல்லரைத் திருகும் முன் உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுக்காமல் திருகினால் கிராங்கின் மரை பிய்ந்துவிடும்.

பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியான ஃபிரீவீலைக் கழற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிக் கருவி. ஷிமானோவுக்கு உள்பற்கள், பழைய சன்டூருக்கு இரண்டு அல்லது நான்கு பள்ளங்கள். இதைக் கடையில் விட்டுவிடலாம்.

இறுகிப்போன சீட் கம்பி

அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள் பல வருடம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வியர்வை உப்பும் மழைநீரும் நடுவில் புகுந்து மின்கலம்போல வேலை செய்து அலுமினியத்தை அரிப்பதால் வரும் பொடி அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. ஹேண்டில்பார் கழுத்துக்கும் இதே கதைதான். அதற்கு மேலுள்ள போல்ட்டை நாலைந்து சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்து மேலிருந்து தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும்.

சீட் கம்பிக்குப் பொறுமைதான் மருந்து. சீட் கிளாம்ப்பை முழுக்கக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக் கூட்டின் வழியாகவும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவையுங்கள். வெப்பத்தால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், குளிர்ந்தாலும் அதே அளவு அதிகமாகச் சுருங்கும். அதனால் கம்பியின் மேல்பகுதியில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக் குளிரவிட்டு, பழைய சீட்டை மாட்டி இருபக்கமும் திருகிப் பாருங்கள். அசைந்தால் மேலே இழுக்க அவசரப்படாமல், அப்படியும் இப்படியும் திருகிக்கொண்டே எண்ணெய் விடுங்கள். காஸ்டிக் சோடா ஊற்றி அலுமினியத்தைக் கரைக்கும் வழியும் உண்டு. குழந்தைகளும் மூடிய ஜன்னல்களும் உள்ள வீட்டில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கண்ணில் ஒரு துளி தெறித்தால் போதும்.

துரு எடுப்பது

ஃபிரேமைப் பாத்திரம் கழுவும் திரவமும் மெல்லிய ஸ்பாஞ்சும் கொண்டு கழுவுங்கள். துருவென்று நினைத்த பாதி, எண்ணெயோடு சேர்ந்த அழுக்காகத்தான் இருக்கும். மங்கிப்போன பெயின்ட்டைக் கார் பாலிஷ் ஆச்சரியப்படும் அளவுக்கு மீட்டுவிடும். பெயின்ட் உரிந்து துரு பிடித்த சிறு இடங்களை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துருமாற்றி திரவம் பூசி, காய்ந்ததும் நிறம் பொருந்தும் எனாமலைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். நெயில் பாலிஷ்கூடச் சரிதான். முழு ஃபிரேமுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. அசல் நிறமும் எழுத்தும் போனால் திரும்ப வராது. நடைபாதையில் ஸ்பிரே அடித்தால் அது காற்றில் பறந்து எதிர்வீட்டுக் கதவில் படியும். கட்டாயம் அடித்தே ஆகவேண்டிய நிலை என்றால் தொழிற்பேட்டைகளில் பவுடர் கோட்டிங் செய்பவர்களிடம் கொடுங்கள்.

குரோம் பூசிய ஹேண்டில்பார், ரிம், கிராங்க் ஆகியவற்றுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோம் அலுமினியத்தைவிடக் கடினம் என்பதால் கீறல் விழாது. கருப்பாக ஒரு பசை வரும், துடைத்தால் அடியில் மினுக்கம் தெரியும். குரோமே உரிந்துபோன இடங்களில் கரும்புள்ளிகள் மிஞ்சும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மெழுகு பூசி விடுங்கள்.

நட்டு, போல்ட், வாஷர் போன்ற சின்ன இரும்புச் சாமான்களைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைப்பது எளிது. பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பாட்டி புளி போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு தேய்த்ததும் இதே தத்துவம்தான், அமிலம் கறையைக் கரைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஐம்பது கிராம் போட்டு, அவ்வப்போது எடுத்துப் பார்த்து, சில மணி நேரத்தில் வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் முக்கி, அலசி, உடனே ஹேர் டிரையரால் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். இந்த உடனே என்ற சொல்லை இங்கே அலட்சியப்படுத்த முடியாது. ஸ்பிரிங், செயின், குண்டுகள் ஆகியவற்றை அமிலத்தில் போடாதீர்கள். கடினமாக்கிய எஃகு அதில் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். அலுமினியப் பாகங்களும் வேண்டாம், பொலிவு போய்விடும். கழிவு எண்ணெயையும் கிரீஸையும் வடிகாலில் ஊற்றாதீர்கள், நம் வடிகால்கள் பலவும் போய்ச் சேர்வது நீர்த்தேக்கங்களில்தான். பழைய துணியில் உறிஞ்சி, கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பால்ரஸ்: வண்டியின் உயிர்

நேரத்தைச் செலவழிக்க வேண்டியது இங்கேதான். முன்சக்கரம், பின்சக்கரம், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து, இரண்டு பெடல் என எல்லாவற்றையும் திறந்து, பழைய கிரீஸை டர்பன்டைனில் கழுவுங்கள். காற்றோட்டம் வேண்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம். கப்பையும், எதிரே குண்டுகளை அழுத்தும் கூம்பு வடிவக் கோனையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் மழமழவென்று இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம். ஊசியால் குத்தியதுபோலப் பள்ளங்கள் இருந்தால் கோனை மாற்றுங்கள். குண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் புதிதாகவே போடுங்கள், விலை மிகக் குறைவு.

வழக்கமான கணக்கு இது: முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, 1/4 அங்குலம். பெடல் அச்சில் பக்கத்துக்குப் பதினொன்று, அதுவும் 1/4 அங்குலம். உங்கள் வண்டியில் எத்தனை இருந்தன என்பதை எண்ணி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கப்பில் தாராளமாகக் கிரீஸ் அப்பி, குண்டுகளை அதில் பதித்து, கோனைத் திருகுங்கள். சரியான இறுக்கம் கைக்குத்தான் தெரியும்: அச்சை விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. கோனைப் பூட்டும் செக் நட்டை இறுக்கும்போது கோனும் கொஞ்சம் நகரும் என்பதால் முதல் தடவையிலேயே சரியாக அமையாது. சலித்துக்கொள்ளாமல் தளர்த்தி மறுபடி செய்யுங்கள்.

குழாய்களின் உட்புறத்துக்கு வருவோம். ஃபிரேம் வெறுமையாக இருக்கும் இந்தச் சமயத்தை விட்டால் வேறு சமயம் வாய்க்காது. லானோலின் கலந்த துருத்தடுப்பு ஸ்பிரேயைக் குழாய்த் துளைகள் வழியாக உள்ளே அடித்து, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, ஒழுகுவது நிற்கும்வரை செய்தித்தாள்மேல் வையுங்கள். கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயும் பயன்படும். ஆனால் அது தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, தட்டையாக விரித்துக் காயவைத்தோ பிறகு எறியுங்கள்.

சக்கரம், பிரேக், செயின்

டயர் வாங்கும் முன் பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். 630 என்றால் 27 அங்குலம், 622 என்றால் 700சி. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகத் தோன்றினாலும் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. இங்கே கடைகளில் 700சி தாராளமாகக் கிடைக்கிறது, 27 அங்குலத்துக்கு இணையத்தைத்தான் நம்ப வேண்டும். ரிம்மையே 700சிக்கு மாற்றினால் பிரேக் கட்டையை 4 மில்லிமீட்டர் உள்ளே இறக்க வேண்டும். பிரேக் கட்டையைத் தாங்கும் கையில் அந்த இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துவிடுங்கள்.

குரோம் பூசிய இரும்பு ரிம் பார்க்க அழகு, மழையில் ஆபத்து. நனைந்தால் பிரேக் பிடிக்கவே ஒரு கணம் யோசிக்கும். பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும் ஊரில் சாலையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அலுமினிய ரிம்முக்கு மாறிவிடுங்கள். பழமை கெட்டுவிடும் என்று வாதாடுபவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பிரேக் கட்டைகள், எல்லாக் கேபிள்களும் அவற்றின் உறைகளும் புதிதாகவே இருக்கட்டும்.

கோட்டம் எடுக்கத் தனி ஸ்டாண்டு வேண்டாம். சக்கரத்தை ஃபிரேமில் மாட்டி, பிரேக் கட்டையையே அளவாக வைத்துச் சுற்றுங்கள். ரிம் வலப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் இடப்பக்க ஸ்போக்கின் நிப்பிளை (ரிம்மில் ஸ்போக்கைப் பிடிக்கும் சிறு நட்டு) கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். நிப்பிள் அசையாமல் ஸ்போக் முறுக்கிக்கொண்டால் நிறுத்தி எண்ணெய் விடுங்கள். செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒன்று) சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். 1/8 அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். துருவேறி விறைத்த செயினை அளக்கவே வேண்டாம், எறியுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு மரையிலும் சீட் கம்பியிலும் ஹேண்டில் கழுத்திலும் கிரீஸ் தடவுங்கள். கழுத்தில் பொறித்திருக்கும் அதிகபட்ச உயரக் கோடு வெளியே தெரியக்கூடாது.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்தைப் பூங்கா இணைப்புப் பாதையில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பேனர்கள் பையில் இருக்கட்டும். சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 என்பது வேக வரம்பு. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம், 2019 பிப்ரவரியிலிருந்து அது சட்டம். சில கிலோமீட்டர் போனதும் நின்று கிராங்க் போல்ட்டுகளை அல்லது காட்டர் பின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் பூட்டியவை உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். புதுக் கேபிள்களும் நீளும், பிரேக்கைச் சரிசெய்யுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் போய்வந்தால் உப்புக் காற்றுப் பட்ட வண்டியை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். துணி காயப்போடும் இடத்தில் நிறுத்தாதீர்கள், வீட்டிலேயே ஈரம் அதிகமான மூலை அதுதான். பாம் ஷெல்ட்டரில் நிறுத்தலாம், ஆனால் கொக்கி மாட்ட அதன் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போட விதி இடம்தராது. தரையில் நிற்கும் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழையில் மாட்டிக்கொண்டு வந்த நாளில் சீட் கம்பியை உருவி, வண்டியைத் தலைகீழாக்கி உள்ளிருக்கும் தண்ணீரை வடியவிட்டு, கம்பியில் புதிதாகக் கிரீஸ் தடவி மறுபடி மாட்டுங்கள்.